கேரம் கொட்டகைக்குக் கரண்ட் இழுக்க வந்தவள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுகளா. காற்றாடி போடுகிற சத்தத்தில் கடைசியில் இருப்பவர்களுக்குக் கேட்காது. மைலோ குடிப்பவர்கள் குடித்துக்கொண்டே கேட்கலாம், குற்றமில்லை. ஈப்போ பக்கத்தில், எங்கள் சிலிபினில், என் வேலிக்கு அந்தப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்லப் போகிறேன். கேட்டு முடித்ததும் உங்களில் ஒருவராவது எழுந்து போய் உங்கள் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தால் எனக்கு அது போதும்.

என் பக்கத்து வீட்டுக்காரர் தர்மேந்திரன். முப்பது வருஷம் ஈப்போவுக்கும் காம்பாருக்கும் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி விமலா இன்னும் கையுறை ஃபேக்டரிக்கு மத்தியான ஷிப்டு போகிறாள். பிள்ளைகள் ஷா ஆலாமில். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. பாதி உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேல் பலகை, கூரைக்குத் தகரம். பழைய சைக்கிளும் உடைந்த வாஷிங் மெஷினும் கிடந்த அந்த இடத்தைத் தர்மேந்திரன் கழுவித் துடைத்து, நடுவில் ஒரு கேரம் பலகை, சுவரில் ஒரு டார்ட் பலகை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு விளையாட்டு அறையாக மாற்றினார். கூட விளையாட ரோய்ஸ்டன் வருவார். அதே பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போகிற கிறிஸ்தவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டாமல் ஒரு காய் கூடத் தள்ள மாட்டார்கள்.

வெளிச்சம் எப்படி என்றால், சமையலறையிலிருந்து ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர். துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டி, விமலாவின் நைட்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போய், கொட்டகைக்குள் ஒரு பல்பில் முடியும்.

ஒரு நாள் கோப்பெங்கில் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், கேரம் பலகையைக் காணோம். ஸ்ட்ரைக்கர், டார்ட், டேபிள் ஃபேன் எதுவும் இல்லை. கதவில் கை முஷ்டி அளவுக்குத் தொங்கிய பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"பவுடர் டப்பாவ மட்டும் வச்சிட்டு போயிருக்கான் மச்சான்," என்றார் ரோய்ஸ்டன். "ஒன் ஆட்டத்த பாத்து மனசு எரங்கிட்டான் போல."

புதுப் பலகை வாங்கியாயிற்று. விமலா கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஒழுங்கா ஒயர்மேன கூப்பிட்டு கரண்ட் இழுங்க, கதவ கெட்டி பண்ணுங்க. இல்லன்னா மறுபடியும் வாஷிங் மெஷின உள்ள தள்ளிருவேன்." அப்படித்தான் தினேஸ்வரி வந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை. முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை விடிந்தும் தூறிக்கொண்டிருந்தது. கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் பின்னால் கருவிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டை, கனத்த ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவளாம். ஃபேக்டரி வேலை செய்துகொண்டே படித்து ஒயர்மேன் லைசன்ஸ் எடுத்தவள். துணி காயப்போட இடமில்லாமல் கையில் கிளிப்புகளோடு வேலியோரம் நின்றிருந்த நான், ஒயர்மேன் என்றதும் ஒரு பெண் வருகிறாளே என்று நின்று பார்த்தேன். பார்த்தது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் கொட்டகைக் கதவைச் சுற்றி வந்தாள். பூட்டை அவள் பார்க்கவே இல்லை. எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து, விரல் நகத்தால் எதையோ தட்டினாள்.

"அண்ணே, கீல் வெளிப்பக்கம் இருக்கு. ஸ்குரூவும் வெளிப்பக்கம். திருடன் எதுக்கு பூட்ட தொடணும்? ஸ்குருவ கழட்டி, கதவ அப்படியே தூக்கி ஓரமா வச்சிட்டு, வேல முடிஞ்சதும் மறுபடி மாட்டிட்டு போயிருக்கான்."

தர்மேந்திரன் பூட்டையும் கீலையும் மாறி மாறிப் பார்த்தார். ரோய்ஸ்டன் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னுக்குச் சாய்ந்தது.

"சிரிக்காதீங்க அண்ணே," என்று அவர் பக்கம் திரும்பினாள். "இந்த ஜன்னல் கிரில் உள்ளேருந்து தொறக்குமா?"

"இல்ல லா, வெல்டிங்."

"கதவுகிட்ட தீ புடிச்சா எந்த வழியா வெளிய வருவீங்க?"

"நான் நேரா மோட்சத்துக்கு போயிருவேன். இவன்தான் வழி தேடணும்."

அவளும் சிரித்தாள். ஆனால் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஜன்னல் கிரில் என்று எழுதிக்கொண்டாள்.

இப்போது மெயின் பெட்டி. வீட்டுக்குள் சமையலறைச் சுவரில் இருக்கிறது; பின்வாசல் திறந்திருந்தால் என் வேலியிலிருந்தே தெரியும். கரண்ட் எங்கேயாவது கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றுகிற சுவிட்ச் ஒன்று அந்தப் பெட்டியில் இருக்கும். டிரிப் சுவிட்ச் என்போம். தினேஸ்வரி பெட்டி மூடியைக் கழற்றினாள். டார்ச்சை அடித்து ஒவ்வொரு ஒயராகக் கண்ணால் தொடர்ந்து போனாள்.

"அண்ணே, இத யாரு செஞ்சா?"

"எது தங்கச்சி?"

"டிரிப் சுவிட்ச தொடாமலே ஒயர் தாண்டி போகுது. இது சும்மா பொம்ம மாதிரி ஒக்காந்திருக்கு."

"ஓ, அதுவா! என் மச்சினன் பவித்ரன் செஞ்சான். பாண்டாய் லா அவன், கெட்டிக்காரன். மழ வந்தா இது டப்புன்னு விழுந்திரும். சாமி வெளக்கு அணைஞ்சிரும், அபசகுனம் பாரு. அவன் வந்தான், பத்தே நிமிஷம், சரி பண்ணிட்டான். ஏழு மாசமா ஒரு தடவ கூட விழல."

"மழ வந்தா மட்டுந்தான் விழுந்துச்சா?"

"மழ வந்தா மட்டும்."

"எந்த சாமி வெளக்கு?"

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். கொட்டகைக்கும் என் வேலிக்கும் நடுவே முனியாண்டி சாமி இருக்கிறார். மஞ்சள் பூசிய சின்னச் சிமெண்டு மேடை, அதில் ஆள் உயர இரும்புச் சூலம், முனைகளில் எலுமிச்சம்பழம். டெங்கிக் காய்ச்சலில் விமலா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் பிழைத்து வந்தால் சாமிக்கு அணையாத விளக்கு வைக்கிறேன் என்று தர்மேந்திரன் வேண்டிக்கொண்டார். பிழைத்து வந்தாள். சூலத்தோடு ஒரு வளைந்த இரும்புக் கம்பியைக் கட்டி, அதில் சிவப்பு பல்பு மாட்டினார். யாரும் மறந்தும் அடைத்துவிடக் கூடாது என்று அதற்கு சுவிட்சே வைக்கவில்லை.

விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே சாமிக்குச் சக்தி கூடிவிட்டது என்று பேச்சு. சூலத்தைத் தொட்டால் உள்ளங்கையில் சுர்ரென்று இழுக்கும். எப்போதும் இல்லை, சில நாள் மட்டும். காம்பாரிலிருந்து கூட ஆட்கள் தொட்டுப் பார்க்க வந்தார்கள். நானும் தொட்டிருக்கிறேன், உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கை சிலிர்த்தது; கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தினேஸ்வரி பின்வாசலுக்கு ஓடி வந்த அதே நேரம், விமலா குளியலறையிலிருந்து இறங்கி மேடையை நோக்கி நடந்தாள். தலையில் ஈரத் துண்டு, வெறுங்கால், இடது கையில் செம்பு நிறையத் தண்ணீர், வலது கையில் செம்பருத்தி. பூவை வைத்துவிட்டு சூலத்தை முழுக்கையால் பிடிப்பது அவள் வழக்கம். கையை நீட்டிவிட்டாள்.

"அக்கா! தொடாதீங்க!"

அந்தக் கத்தலில் என் கையிலிருந்த கிளிப்புகள் கொட்டிவிட்டன. விமலா சட்டென்று திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது.

"ஏன் தொடக்கூடாது? நான் குளிச்சிட்டுத்தான் வாரேன்!"

"குளிச்சிட்டு வந்ததுனாலதான் சொல்றேன் அக்கா. கொஞ்சம் பின்னால வாங்க."

தினேஸ்வரி டெஸ்டரை எடுத்துச் சூலத்தின் தண்டில் வைத்தாள். அதற்குள்ளிருந்த சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

"பாத்தியா!" என்று கைகூப்பினார் தர்மேந்திரன். "சாமி இருக்காருன்னு டெஸ்டருக்கே தெரியுது!"

ரோய்ஸ்டன் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு ஏதோ உறைத்திருக்க வேண்டும். "மச்சான், அது கரண்டுக்குத்தான் லா எரியும்," என்றார் மெதுவாக.

தினேஸ்வரி பல்பு மாட்டியிருந்த ஹோல்டரைக் காட்டினாள். தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். மழைத்தண்ணீர் அதில் இறங்கி, கரண்டைக் கம்பிக்குக் கொண்டுவந்து, கம்பி சூலத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. டிரிப் சுவிட்ச் ஒவ்வொரு மழைக்கும் விழுந்தது அதைச் சொல்லத்தான். அதன் வாயைத்தான் பவித்ரன் கட்டியிருக்கிறான்.

"இன்னிக்கு சுர்ருங்குது. விரிசல் இன்னும் கொஞ்சம் பெருசானா புடிச்ச கைய விடாது. மெயின அடைக்கணும் அண்ணே, இப்பவே."

தர்மேந்திரன் சமையலறை வாசலில் போய்க் குறுக்கே நின்றார். "மெயின அடைச்சா வெளக்கு அணையும். முடியாது தங்கச்சி. என் பொண்டாட்டி உயிருக்கு வேண்டிக்கிட்டது. நீ கொட்டகைக்கு லைன் இழுத்துக் குடு, அது போதும்."

"இந்த பெட்டியிலேருந்து லைன் இழுத்து நான் கையெழுத்து போட மாட்டேன்."

"அப்ப வேற ஆள பாத்துக்குறேன்."

"பாத்துக்குங்க அண்ணே."

கோபித்துக்கொண்டு மோட்டாரை எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் கருவிப்பெட்டியை இழுத்து வந்து, சூலத்துக்கு முன்னால் இரண்டடி தள்ளிப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள்.

"அந்த ஆளு வர்ற வரைக்கும் இங்கதான் ஒக்காந்திருப்பேன். அக்கா கை இது மேல படாம பாத்துக்கணும்ல."

தூறல் அவள் தலையில் விழுந்தது. குடை கேட்கவில்லை. இப்படி ஒருத்தி பிடிவாதமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பிடிவாதத்தில் துளி கூட ஆணவம் இல்லை.

விமலா செம்பைக் கீழே வைத்தாள். எதிரில், கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு தெரியாது தங்கச்சி. சாமி எங்கிட்ட பேசுறாரு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த பொறவு எனக்கு எல்லாத்துக்கும் பயம். காலையில தொட்டு சுர்ருன்னா, அன்னிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தைரியமா வேலைக்கு போவேன். பேசலன்னா நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம். அன்னிக்கு முழுக்க பட்டினி இருப்பேன்."

தர்மேந்திரன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். பட்டினி விஷயம் அவருக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

தினேஸ்வரி மறுத்துப் பேசவில்லை. "இந்த வாரம் எப்பல்லாம் பேசினாரு அக்கா?" என்று கேட்டாள்.

"செவ்வாக்கெழம பேசினாரு. பொதன் பேசல, வியாழன் பேசல, நேத்தும் பேசல. மூணு நாளு நான் சாப்பிடல."

"செவ்வாக்கெழம கொடியில போட்ட துணி காய்ஞ்சிச்சா?"

விமலா துணிக்கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல... முந்தின ராத்திரிலேருந்து மழ. ஃபேக்டரி சட்டைய ஈரத்தோடதான் மாட்டிட்டு போனேன்."

"பொதன்கெழம?"

"காய்ஞ்சிச்சு." இன்னும் மெதுவாக, "வியாழனும் காய்ஞ்சிச்சு. நேத்து சாயங்காலம் வரைக்கும் வெயிலு."

தினேஸ்வரி மேலே ஒன்றும் கேட்கவில்லை. மிச்சத்தை விமலாவே எண்ண ஆரம்பித்தாள். சாமி விடாமல் நாலு நாள் பேசியது, தெருவில் தண்ணீர் ஏறிய வாரம். ஒரு வாரம் முழுக்கப் பேசாமல் அவளை அழவைத்தது, புகைமூட்டம் போட்டு ஒரு சொட்டு மழை இல்லாத வாரம். விரல்களை மடக்கிக்கொண்டே போனாள். பத்து விரலும் முடிந்ததும் எழுந்தாள்.

உள்ளே போய் ஓர் அகல் விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் கொண்டுவந்தாள். மேடையில் மழை படாத மூலையில், சூலத்தைத் தொடாமல், வைத்து ஏற்றினாள். பிறகு வாசலில் நின்ற புருஷனிடம் போனாள்.

"ஏங்க, தள்ளுங்க."

"விமலா, வேண்டுதல்..."

"நான் இருக்கணும்னுதானே வேண்டிக்கிட்டீங்க? தள்ளுங்க."

அவர் தள்ளினார். மெயினை அவளே அடைத்தாள். ஐஸ்பெட்டி உறுமல் நின்றது. சிவப்பு பல்பு அணைந்தது. அகல் எரிந்தது. தினேஸ்வரி டெஸ்டரை வைத்தாள், மீட்டர் வைத்தாள், பிறகு தன் கையாலேயே முதலில் சூலத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான், "இப்ப தொடலாம் அக்கா," என்றாள்.

விமலா தொட்டாள். வெறும் இரும்பு, மழைக்குச் சில்லிட்டிருந்தது. அவள் அழுதாள்.

"ஏழு மாசமா நான் யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?"

அதற்குத் தினேஸ்வரி சொன்னதை நான் மறக்க மாட்டேன். "அக்கா, நான் பதினோரு வருஷமா இந்த வேல செய்றேன். ஈரக் காலோட, வெறுங்கையால, ஏழு மாசம் கரண்ட புடிச்சிட்டு நடமாடுற ஆள நான் பாத்ததே இல்ல. டிரிப் சுவிட்சும் இல்ல. அப்ப ஒங்கள யாரு பாத்துக்கிட்டாங்க? நீங்களே சொல்லுங்க."

விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சூலத்தைப் பார்த்தாள். தர்மேந்திரன் மேடை முன்னால் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு கல் மேல் சக்கரம் ஏறிவிட்டால் கூட இறங்கிப் பார்க்கிற மனுஷன். ஏழு மாதமாகத் தன் கையாலேயே பெண்டாட்டிக்கு என்ன கட்டி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. ரோய்ஸ்டன் அப்போது கிண்டல் செய்யவில்லை. பக்கத்தில் போய் நின்று தோளில் கை வைத்தார்.

பிறகு இரண்டு நாள் வேலை. அவள் வேலை செய்வதைப் பார்க்க நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பவித்ரன் போட்ட ஒயரைப் பிடுங்கி, புது டிரிப் சுவிட்ச் மாட்டினாள். துணிக்கொடி ஒயரைச் சுருட்டித் தர்மேந்திரன் கையிலேயே கொடுத்து, வெட்டிப் போடச் சொன்னாள். வீட்டிலிருந்து கொட்டகைக்குக் குழாய்க்குள் புது லைன் போயிற்று. கொட்டகைக்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டி. கசிகிற கரண்ட் பூமிக்குள் போய்விட, பக்கத்தில் மண்ணுக்குள் ஒரு செம்புக் கம்பியை அடித்து இறக்கினாள். பாதி இறங்கியதும் ஈயச் சுரங்கக் காலத்துக் கல் எதிலோ முட்டிக்கொண்டது. பிடுங்கி, நாலடி தள்ளி மறுபடி முதலிலிருந்து அடித்தாள். முணுமுணுப்பு கூட இல்லை. கதவுக் கீலை உட்பக்கம் மாற்ற வெல்டிங்காரரை வரவழைத்து, பக்கத்திலேயே நின்றாள். ஜன்னல் கிரில்லுக்கு உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள் வந்தது. ரோய்ஸ்டனை உள்ளே போட்டு அடைத்து, கண்ணை மூடிக்கொண்டு திறந்து வெளியே வரச் சொன்னாள். வயிற்றைக் கொஞ்சம் எக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கேரம் பலகைக்கு மேலே விளக்கை மாட்டியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அளவு நாடாவைத் தொடவே இல்லை. "ரோய்ஸ்டன் அண்ணே, ஒரு காய் அடிங்க," என்றாள். அவர் அடித்தார். பலகையில் அவர் கை நிழல் விழுந்தது. விளக்கை ஒரு சாண் நகர்த்தினாள். "தர்மேந்திரன் அண்ணே, நீங்க." மறுபடி நகர்த்தினாள். நாலு பக்கமும் அடிக்கச் சொல்லி, எந்தக் கையின் நிழலும் காய் மேல் விழாத இடம் வந்ததும்தான் ஆணி அடித்தாள்.

"இனிமே தோத்தா வெளிச்சம் பத்தலன்னு சொல்ல முடியாது மச்சான்," என்றார் ரோய்ஸ்டன்.

"சொல்ல மாட்டேன். நீ பவுடர ஊதிட்டேன்னு சொல்லுவேன்."

சாமி விளக்குக்குச் சூலத்திலிருந்து விடுதலை. மேடைக்குப் பின்னால் மரக்கம்பம் நட்டு, பேட்டரியில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றை மூடி போட்டு மாட்டினாள். வீட்டுக் கரண்ட் போனாலும் அது போகாது. தர்மேந்திரன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்து நின்றார். "தங்கச்சி, கோவிச்சிக்காத," என்றார். "கோவமா? மழையில நனைஞ்சதுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்க அண்ணே," என்றாள்.

கிளம்புவதற்கு முன் விமலாவை மெயின் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, டிரிப் சுவிட்சில் இருந்த ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினாள்.

"இத அமுக்கினா கரண்ட் கசியுற மாதிரி நடிக்கும். சுவிட்ச் விழணும். மாசத்துக்கு ஒரு தடவ அமுக்கி பாருங்க அக்கா. விழுந்தா அது முழிச்சிக்கிட்டு காவல் இருக்குன்னு அர்த்தம். விழலன்னா ஒடனே எனக்கு ஃபோன் போடுங்க."

"நான் மட்டும் அமுக்கலாமா?"

"நீங்கதான் அமுக்கணும்."

மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை என்று விமலா நாள் வைத்துவிட்டாள். குளித்து, கையை நன்றாக உலரத் துடைத்து, பெட்டி முன்னால் நின்று பொத்தானை அமுக்குவாள். டப்! வீடும் கொட்டகையும் ஒன்றாக அடங்கும். உடனே பின்னாலிருந்து ரோய்ஸ்டனின் கூச்சல் கிளம்பும்.

"அக்கா! ராணி விழப் போற நேரத்துலயா!"

"சுவிட்ச் விழுந்துச்சு லா!" என்று சந்தோஷமாகக் கத்துவாள் விமலா. "எல்லாரும் நல்லா இருக்கோம்!"

பிறகு சுவிட்சைத் தூக்கிவிட்டு, செம்பும் பூவுமாக மேடைக்கு வந்து, சூலத்தை முழுக்கையால் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ பேசுவாள். சாமி பதில் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை. வெயில் நாளிலும் மழை நாளிலும் அங்கிருந்து நேரே சமையலறைக்குப் போய், சுடச்சுட இரண்டு தோசை போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவரை நம்பிக் கை வைப்பவர்களுக்கு அது கரண்ட் கசியாத வெறும் சுவராகவே இருக்கட்டும். உங்கள் கதவுகள் கெட்டியாக இருக்கட்டும், உள்ளே இருப்பவர்களுக்கு எப்போதும் திறக்கட்டும். ஈரக் காலோடு ஓடி வருகிற உங்கள் பிள்ளைகளும், வேலைக்குப் போய் அலுத்து வருகிற உங்கள் பெண்களும், பின்கட்டில் கத்திச் சிரிக்கிற உங்கள் சிநேகிதர்களும் நீண்ட ஆயுசோடு வாழட்டும். உங்கள் வீட்டில் யாரும் பயத்தில் பட்டினி கிடக்காமல் இருக்கட்டும்.